ஒளிப்படத் திருத்தமும் உயிர்மெய் எழுத்தும்

கருவி மாறுந்தோறும் எழுத்துக்கு ஒரு சோதனை நேர்வது தமிழுக்குப் பழகிய செய்தியே. ஓலையில் எழுதிய காலத்தில் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் புள்ளியின்றியே எழுதப்பெற்றன; நிற்பது ககரமோ ககர மெய்யோ என்பதைக் கற்றோர் இடம்நோக்கி உணர்ந்தனர். பின்னர் அச்சு வந்தது. ஈய அச்சுக்கேற்ப எழுத்தின் வடிவு ஒழுங்குபட்டது. தட்டச்சுப் பொறி வந்தது. 247 எழுத்துகளையும் ஒரு சிறு பலகையின் விசைகளுள் அடக்கும் வழியைத் தேடவேண்டியதாயிற்று. இன்று ஒளிப்படங்களைக் கணினியில் இட்டுத் திருத்தும் மென்பொருள்கள் வந்துள்ளன. இவை முகத்தைத் திருத்த வந்தவை. எழுத்தோடு இவற்றுக்கு என்ன வழக்கு என்று வினவத் தோன்றும். அவ்வாறு வினவியவருள் யானும் ஒருவன். அதற்குரிய விடையை யான் நூலிற் கற்றிலேன். கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்திற் கற்றேன்.

2011ஆம் ஆண்டு, எமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஒருவருக்கு நினைவு மலர் வெளியிட மாணாக்கர் சிலர் முற்பட்டோம். அவர் கொட்டாஞ்சேனையில் நெடுங்காலம் வாழ்ந்தவர். 1983ஆம் ஆண்டு யூலை மாதத்தில் கொழும்புத் தமிழரின் வீடுகள் எரிந்தபோது அவர் வீடும் எரிந்தது. நூல்களோடு குடும்பப் படத்தொகுப்பும் சாம்பராயிற்று. அவருடைய இளமைக் கோலத்தைக் காட்டும் படம் ஒன்றே ஒன்று எஞ்சியது. அதுவும் அவர் வீட்டிலன்று, உடன் பயின்ற நண்பர் ஒருவர் வீட்டிற் கிடைத்தது. நீர் பட்டு, ஒரு மூலை பூஞ்சணம் பிடித்து, முகத்தின் குறுக்கே மடிப்புக் கோடு ஓடிய படம் அது. மலரின் முகப்பில் அதனையே இடவேண்டும் என்பது எம் அனைவரின் விருப்பமாயிருந்தது.

படத்தை மீட்கும் பணியை மூவர் தனித்தனியே ஏற்றனர். வெள்ளவத்தையில் ஒரு மாணவர் வீட்டில் அப்பிள் நிறுவனத்தாரின் மக் கணினி இருந்தது. பல்கலைக்கழகத்திற் பயின்ற இன்னொருவர் தம் மடிக்கணினியில் லினக்ஸ் முறைமையை நிறுவியிருந்தார். அச்சகத்துக் கணினியோ விண்டோஸ் முறைமையில் இயங்குவது. ஒரு கிழமை கழித்து மூவரின் படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். மடிப்புக் கோடு மறைந்திருந்தது, பூஞ்சணம் நீங்கியிருந்தது, மூன்று படத்திலும் ஆசிரியர் ஒருவரே, ஒன்றுபோலவே எம்மை நோக்கினார். எது எக்கணினியிற் செய்தது என்று கூற இயலவில்லை.

வேறுபாடு, படத்தின் கீழே அவர் பெயரையும் ஊரையும் எழுதப் புகுந்தபோதே வெளிப்பட்டது. அச்சகத்துத் திரையில் ‘கொட்டாஞ்சேனை’ என்னும் பெயர் சிதறிக் கிடந்தது. முதலெழுத்திலே ககரம் தனித்து முன்னிற்க, அதனை இருபுறமும் அணைக்கவேண்டிய கொம்பும் அரவும் அதன் பின்னே ஒதுங்கி நின்றன. சகரத்துக்கு முன் வரவேண்டிய இரட்டைக்கொம்பு அதற்குப் பின் வந்தது. ஐகாரக் குறியும் னகரத்தைக் கடந்து சென்று தனியே நின்றது.

“தம்பி, பிழையாக அடித்துவிட்டீரோ?” என்றேன்.

“இல்லை ஐயா, சரியாகத்தான் அடித்தேன். இதே கணினியிலே கடிதம் எழுதும் இடத்திற் பாருங்கள், பெயர் ஒழுங்காக நிற்கிறது. அதைப் படத்துக்குள்ளே கொண்டு வந்தால்தான் உடைகிறது” என்றார் அவர்.

உண்மையே. ஒரே கணினி, ஒரே முறைமை, ஒரே எழுத்துரு. ஒரு சாளரத்திற் பெயர் முழுமையாக நின்றது. மற்றொன்றில் முறிந்து கிடந்தது. மற்றை இருவரின் கணினிகளில், படத்தின் மேல் எழுதியபோதும் பெயர் பிழையின்றி வந்தது. மலர் வெளியீட்டுக்கு மூன்று நாளே இருந்தன. “பாமினியில் அடித்தால் உடையாது ஐயா” என்று அத்தம்பி வழி சொன்னார். “அப்படியே செய்யும்” என்று யான் இசைந்தேன். மலர் அழகாக வெளிவந்தது, பலரும் பாராட்டினர். யான் இசைந்தது எத்தகைய பிழை என்பது பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தே எனக்குப் புலனாயிற்று. அதனைக் கூறுமுன், பெயர் உடைந்த காரணத்தை ஆராய்வோம்.

மூவகை முறைமையும் படத்திருத்த மென்பொருள்களும்

கணினியின் உறுப்புகளை ஆண்டு, ஏனைய மென்பொருள்களுக்கு இடங்கொடுத்து நிற்பதைப் பணிசெயல் முறைமை என்று நம் பாடநூல்கள் வழங்கும்; தமிழகத்தார் இயங்குதளம் என்பர். மேசைக் கணினிகளில் விண்டோஸ், மக், லினக்ஸ் என்னும் மூன்றும் பெருவழக்கு. ஒரு மென்பொருள் ஒரு முறைமைக்கென எழுதப்பெற்றால், மற்றொன்றில் அதுவாக இயங்காது. அதற்கெனத் தனியே மாற்றி எழுதப்படல் வேண்டும். ஆகவே எந்த முறைமையில் எந்த மென்பொருள் கிடைக்கும் என்பதே முதல் வேறுபாடாகின்றது.

படத்திருத்தத்துக்கு உலகெங்கும் பெயர்பெற்ற போட்டோஷொப் மக் கணினியிலேயே பிறந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த தோமஸ் நோல் என்பார் 1987ஆம் ஆண்டு தொடங்கிய முயற்சி அது. திரைப்படக் காட்சி வித்தையிற் பணியாற்றிய அவர் சகோதரர் ஜோன் நோலும் அதிற் சேர்ந்தார். அடோபி நிறுவனத்தார் 1990ஆம் ஆண்டு பெப்புருவரியில் அதன் முதற்பதிப்பை வெளியிட்டபோது அது மக் கணினிக்கு மட்டுமே உரியதாயிருந்தது. சில ஆண்டுகளில் விண்டோஸ் பதிப்பும் வந்தது. பெரிய பணிநிலையக் கணினிகளின் யுனிக்ஸ் வகை முறைமைகளுக்கும் 1990களில் பதிப்பு வந்து, பின்னர் அவ்வழி நின்றுபோயிற்று. லினக்ஸ் முறைமைக்கு அந்நிறுவனத்தார் போட்டோஷொப்பைத் தந்தாரல்லர்.

அவ்வெற்றிடத்தை நிரப்பியது கிம்ப் என்னும் மென்பொருள். பீற்றர் மாற்றிஸ், ஸ்பென்சர் கிம்பல் என்னும் மாணாக்கர் இருவர் கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் 1995ஆம் ஆண்டு தொடங்கியது அது. 1996இற் பொதுமக்கள் கைக்கு வந்தது. யுனிக்ஸ், லினக்ஸ் முறைமைகளிற் பிறந்து, பின்னர் விண்டோஸ், மக் இரண்டுக்கும் சென்றது. அதனை எவரும் விலையின்றிப் பெறலாம். அதன் மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம்.

ஒரே முறைமையைப் பற்றி நிற்கும் மென்பொருள்களும் உள. 2004ஆம் ஆண்டு தோன்றிய பெயின்ற் டொட் நெற் விண்டோஸ் முறைமைக்கே உரியது. அப்பிள் நிறுவனத்தாரின் அப்பேச்சர் 2005ஆம் ஆண்டு மக் கணினிக்கென வந்தது. அதனை மேலும் வளர்ப்பதில்லை என்று 2014இல் அந்நிறுவனத்தாரே அறிவித்துவிட்டனர். அதிற் பல்லாயிரம் படங்களை ஒழுங்குசெய்து வைத்திருந்தோர் வேறிடம் தேடிப் பெயரவேண்டியதாயிற்று. ஒரு முறைமையையே நம்பி நிற்பதன் இடர் இதனால் விளங்கும்.

முகத்தில் வேறுபாடு குறைந்தது

படத்தைப் பொறுத்தவரை முறைமைகளுக்கிடையே முன்னர் இருந்த வேறுபாடுகள் சிறியன அல்ல. ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். திரையின் இடைநிலை ஒளியைக் கணிக்கும் அளவை காமா என்பர். மக் கணினிகள் நெடுங்காலம் அதனை 1.8 என்று கொண்டன. விண்டோஸ் கணினிகள் 2.2 என்று கொண்டன. ஆதலால் மக் கணினியில் அளவாக ஒளியூட்டிய படம் விண்டோஸ் கணினியிற் கருகித் தோன்றும். வெள்ளவத்தையில் வெளிறிய முகம் கொட்டாஞ்சேனையிற் கறுத்த விந்தை இதுவே. 2009ஆம் ஆண்டு வெளிவந்த மக் முறைமை 2.2 என்னும் அளவையையே தானும் ஏற்றது, அவ்வழக்குத் தீர்ந்தது.

அச்சுக்குரிய நிறமுறை மற்றொன்று. திரை செம்மை, பசுமை, நீலம் என்னும் மூன்று ஒளிகளால் நிறங்காட்டும்; அச்சோ நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளால் நிறங்காட்டும். போட்டோஷொப்பில் நான்குமை முறையிலேயே படத்தைத் திருத்தலாம். கிம்பில் அவ்வாறு நேரே பணியாற்றும் வசதி நெடுங்காலக் குறையாகவே இருந்து வருகின்றது. அச்சு எவ்வாறு தோன்றும் என்று முன்னோக்கவும், நான்குமைக் கோப்பாக வெளியனுப்பவும் புதிய பதிப்புகளில் வழி உண்டு. போட்டோஷொப் 1994ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பிலேயே ஒன்றன்மேல் ஒன்றாகப் படங்களை அடுக்கும் முறையைத் தந்தது. மூலப்படத்தைக் கெடாது வைத்து, திருத்தத்தை மட்டும் மேலே நிறுத்திப் பின்னர் வேண்டியபோது மாற்றும் வசதி, கிம்பின் வடிகட்டிகளுக்கு 2025ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிவந்த 3.0 பதிப்பிலேயே கிட்டியது. மறுபுறம், போட்டோஷொப்புக்கு 2013 முதல் சந்தா முறை வந்துள்ளது. கிம்புக்கு அன்றும் இன்றும் விலை இல்லை. பள்ளிக்கூடத்தார்க்கு இவ்வேறுபாடே பெரிது.

ஆயினும் மடிப்புக் கோட்டை நீக்குதல், பூஞ்சணக் கறையை அருகிலுள்ள தோலின் நிறங்கொண்டு மறைத்தல், மங்கிய படத்துக்கு ஒளியும் நிழலும் கூட்டுதல் ஆகிய அடிப்படைத் தொழில்கள் மூன்று முறைமையிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே கைகூடும். எம் ஆசிரியரின் முகம் மூன்று கணினியிலும் ஒன்றுபோல மீண்டதன் காரணம் அதுவே. முகம் எம்மொழிக்கும் உரியதன்று; எழுத்தோ அவ்வாறன்று.

பெயர் உடைந்த காரணம்

கணினியில் உலகமொழிகளுக்கெல்லாம் பொதுவாய் அமைந்த குறியீட்டு முறை ஒருங்குறி. 1991ஆம் ஆண்டு வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் அது தனி எண் தரவில்லை. அகரமேறிய மெய்க்கு ஓர் எண், அதன்மேல் ஏறும் உயிர்க்குறிக்கு ஓர் எண் என வகுத்து, முதலில் மெய், பின்னர் உயிர்க்குறி என்று வரிசைப்படுத்தியது. இவ்வரிசை நமக்குப் புதிதன்று. உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னுமாக வரும் என்பது தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் முடிபு. ‘கெ’ என்று ஒலிக்கும்போது ககர மெய் முன், எகரம் பின். ஆனால் கையால் எழுதும்போது கொம்பை முன்னே இட்டுக் ககரத்தைப் பின்னே எழுதுகின்றோம். ஒலிமுறை வேறு, வரிமுறை வேறு. ‘கொ’ என்பதிலோ ஓர் உயிரின் குறி இரண்டாகப் பிரிந்து மெய்யின் இருமருங்கும் நிற்கும். ‘கு’, ‘ழு’ போன்றவற்றில் மெய்யும் குறியும் கலந்து புதுவடிவே பிறக்கும்.

ஒருங்குறி ஒலிமுறையைக் காக்கின்றது. திரையிற் காணவேண்டியதோ வரிமுறை. ஒன்றை மற்றொன்றாக மாற்ற இடையே ஒரு பொறி வேண்டும். எழுத்தின் இலக்கணம் அறிந்து, கொம்பை முன்னே நகர்த்தி, ஒகரக் குறியைப் பிரித்து, உகரத்தைக் கலந்து தரும் அப்பொறியை எழுத்துக்கோப்புப் பொறி என்னலாம். விண்டோஸ் முறைமையில் யுனிஸ்கிரைப் என்னும் பொறி இத்தொழில் செய்தது. விண்டோஸ் 2000 பதிப்பு லதா என்னும் எழுத்துருவோடு தமிழை ஏற்றது. அடுத்து வந்த எக்ஸ்பி பதிப்பில், இத்தகைய எழுத்துகளுக்கான கோப்புகளைப் பயனாளரே நிறுவிக்கொள்ளல் வேண்டும் என்பது பலர் அறியாத செய்தி. மக் முறைமையில் 2005ஆம் ஆண்டுப் பதிப்போடு, மலேசியத் தமிழறிஞர் முத்து நெடுமாறன் அமைத்த இணைமதி என்னும் எழுத்துரு இடம்பெற்றது. லினக்ஸ் உலகில் பாங்கோ, ஹார்ப்பஸ் என்னும் இரண்டும் இணைந்து இத்தொழில் செய்வன. பாங்கோ என்னும் பெயர் ‘எல்லாம்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லும் ‘மொழி’ எனப் பொருள்படும் ஜப்பானியச் சொல்லும் கூடியது. பெயருக்கேற்ப அது எல்லா மொழியையும் ஒரு நிரையில் வைத்தது.

எனவே 2011ஆம் ஆண்டில் மூன்று முறைமையும் தமிழ் அறிந்தனவே. பின் எங்கே முறிந்தது? படத்திருத்த மென்பொருள்களுட் சில, முறைமை தரும் பொறியைக் கடன்கொள்ளாது, தமக்கெனத் தனிப்பொறி வைத்திருந்தன. கிம்ப் பாங்கோவையே பயன்கொண்டதால், எம்முறைமையில் இயங்கினும் தமிழை ஒழுங்காக எழுதியது. போட்டோஷொப்பின் பழைய பொதுப் பதிப்புகள், இலத்தீன் எழுத்தையும் கிழக்காசிய எழுத்தையும் முன்னிறுத்திய தம் சொந்தப் பொறியைக் கொண்டிருந்தன. தென்னாசிய எழுத்துகளுக்கான அமைப்புப் பின்னைய பதிப்புகளிலேயே வந்தது. அதுவும் சில பதிப்புகளில், விருப்பத் தேர்வுப் பட்டியலினுள்ளே மத்திய கிழக்கு, தென்னாசிய எழுத்து என்னும் ஒரு வரியைத் தேடித் தெரிந்தெடுத்தாலன்றித் தொழிற்படாது. அவ்வரியை அறியாது, தமிழ் இம்மென்பொருளில் ஏறாது என்று முடிவு செய்தோர் நம்மிற் பலர்.

இதனாற் பெறப்படுவது யாது? முறைமைக்கு முறைமை வேறுபாடு என்று நாம் எண்ணுவது பலகால் மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபாடே. விலையில்லாக் கருவி தமிழை அறிந்திருந்தபோது, விலைமிக்க கருவி அறியாதிருந்தது. தமிழரை வாடிக்கையாளராகக் கருதுதல் ஒரு கணக்கு. எல்லா மொழியையும் சமமாகக் கருதுதல் மற்றொரு நோக்கு. இரண்டன் விளைவும் எம் ஆசிரியரின் பெயரிலே தெரிந்தது.

மெய்ப்புள்ளி அரைப்புள்ளியான கதை

இனி யான் செய்த பிழைக்கு வருவோம். பாமினி என்பது இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் நெடுங்காலம் பெருவழக்காயிருந்த எழுத்துரு. ஆங்கில எழுத்துக்குரிய எண்களின் இடத்திலே தமிழ் வடிவங்களை வரைந்து வைப்பது அதன் முறை. கணினி அதனை ஆங்கிலம் என்றே கருதும். நம் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும். கொம்பை முன்னே அடித்தால் முன்னே நிற்கும். பின்னே அடித்தாற் பின்னே நிற்கும். வரிமுறையே அங்கு முறையாகலின் எழுத்துக்கோப்புப் பொறி வேண்டுவதில்லை. உடைவதற்கும் எதுவும் இல்லை. கருவிகள் தமிழை அறியாதிருந்த நாளில் பத்திரிகைகளையும் பாடநூல்களையும் இத்தகைய எழுத்துருக்களே தாங்கின என்பதை நன்றியோடு நினைத்தல் வேண்டும்.

ஆனால் அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் தமிழ் மறைந்து, பொருளற்ற ஆங்கில எழுத்துகளே வரிவரியாகத் தோன்றும். மெய்யெழுத்தின் புள்ளி அங்கே அரைப்புள்ளியாக நிற்கும். தொல்காப்பியர் காலந்தொட்டு மெய்யைக் காட்டிய புள்ளி, வாக்கியத்தை நிறுத்தும் குறியாய் இழிந்துவிடும்.

2023ஆம் ஆண்டு ஆசிரியரின் பேரன் கனடாவிலிருந்து என்னோடு தொலைபேசியிற் பேசினார். பாட்டனார் கற்பித்த பள்ளியிலே அவர் பெயரால் ஒரு பரிசு நிறுவி, மலரையும் மறுபதிப்புச் செய்ய விரும்பினார். எம்மிடமிருந்த கோப்புகளை அனுப்பிவைத்தோம். தமிழைப் பேசவும் ஓரளவு வாசிக்கவும் வல்ல பிள்ளை அவர். இரண்டு நாளில் மீண்டும் அழைத்து, “ஐயா, இதிலே அப்பப்பாவின் பெயர் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். அவர் திரையில் இருந்தவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே. முகப்புப் படத்திலோ பெயர் படத்தோடு படமாய் ஒட்டிப்போயிருந்தது. கண்ணால் வாசிக்கலாமேயன்றிப் படியெடுக்கவோ தேடவோ இயலாது. தீயினின்று தப்பிய முகத்தை மீட்டோம். அதன் பெயரை யாமே மறைத்து வைத்தோம். கற்பித்தவரின் பெயரைக் கற்றவன் ஒருவன் இசைவோடு இவ்வாறு செய்தமை இன்றும் என்னை உறுத்துகின்றது.

கொழும்பு இரண்டு

ஒருங்குறியிலும் நுண்ணிய இடர்கள் இல்லாமலில்லை. ஒகரக் குறியை ஒரே எண்ணால் எழுதலாம். கொம்பு, அரவு என்னும் இரண்டு எண்களாலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினியின் கணக்கில் வேறு. மக் முறைமையின் பழைய கோப்பமைப்பு, கோப்பின் பெயரில் வரும் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளைப் பிரித்து இவ்விரட்டை எண்களாகவே சேமித்தது. ஏனைய முறைமைகள் எழுதியவாறே சேமித்தன. ஆகவே வெள்ளவத்தை மக் கணினியில் ‘கொழும்பு’ எனப் பெயரிட்டு வைத்த படத்தை அச்சகத்துக் கணினிக்குக் கொண்டுசென்று அப்பெயரால் தேடினால், கண்முன்னே கிடக்கும் கோப்பை அக்கணினி இல்லை என்று கூறவும் கூடும். 2017ஆம் ஆண்டு வந்த புதிய கோப்பமைப்புப் பெயரை எழுதியவாறே வைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு முன் பெயரிட்ட கோப்புகள் இன்னும் நம் பேழைகளில் உள.

நாமே செய்யும் பிழையும் ஒன்று உண்டு. ‘கௌ’ என்னும் எழுத்தைக் கொம்பு, ககரம், ளகரம் என்று மூன்றாக அடிப்போர் பலர். காட்சியில் ஒன்று, தேடினால் அகப்படாது. ஔகாரக் குறியின் பின்னுறுப்பு ளகரம்போற் தோன்றுமேயன்றி ளகரம் அன்று என்பதைத் தமிழாசிரியரே வகுப்பிற் சொல்லுதல் வேண்டும். அதனைக் கணினி ஆசிரியரிடம் விட்டுவிடலாகாது.

யாழ்ப்பாணத்தார் ஒருவரின் வழி

இத்தகைய சோதனையில் நம்மவர் கைகட்டி நின்றதில்லை. 1886ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பகுதிகளில் வாழ்ந்த இராமலிங்கம் முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்தவர். ஆங்கிலப் பொறியில் ஒரு விசையை அழுத்தினால் உருளை ஓரிடம் நகர்ந்துவிடும். புள்ளியும் விசிறியும் எழுத்தோடு சேரமாட்டா. அவர் சில விசைகளை அடித்தாலும் உருளை நகராதவாறு அமைத்தார். நகரா விசை என்று அதனை வழங்குவர். குறி முதலிற் பதிந்து நிற்க, எழுத்து அதே இடத்தில் வந்து பொருந்தியது. தமிழைச் சிதைத்துப் பொறிக்கு இணக்காது, பொறியைத் திருத்தித் தமிழுக்கு இணக்கிய செயல் அது. பாமினியை அடித்து இடரைக் கடந்த எம்முடைய வழியையும் அவருடைய வழியையும் ஒப்பிட்டால், நாணமே மிஞ்சுகின்றது.

செய்யத்தக்கன

மாணாக்கர் இன்று மேசைக் கணினியில் மட்டுமன்றிக் கைத்தொலைபேசியிலும் படங்களைத் திருத்தி, அவற்றின்மேல் தமிழ் எழுதி, விழா அழைப்பும் அஞ்சலியும் ஆக்குகின்றனர். எம்முறைமையைக் கொள்ளினும் அவர்கள் கைக்கொள்ளத்தக்கன சில உள.

ஒரு மென்பொருளை ஏற்குமுன் ‘கொழும்பு’, ‘கொட்டாஞ்சேனை’, ‘வெள்ளவத்தை’ என்னும் மூன்று பெயரையும் படத்தின்மேல் எழுதிப் பார்க்க. கொம்பும், இரட்டைக்கொம்பும், ஐகாரமும், உகரமும், புள்ளியும் இம்மூன்றனுள் அடங்கும். உடைந்தால், முதலில் தென்னாசிய எழுத்துக்கான தேர்வு உளதோ என்று தேடுக; இன்றேல் வேறு மென்பொருளை நாடுக; பழைய எழுத்துருவை நாடற்க.

அடுக்குகளை ஒன்றாக்கிப் படத்தை முடிக்குமுன், எழுத்து எழுத்தாகவே நிற்கும் மூலக்கோப்பைத் தனியே காக்க. படத்தின் பெயர், நாள், இடம், அதிலுள்ளோர் பெயர் ஆகியவற்றைப் படக்கோப்பினுள்ளேயே எழுதிவைக்க இடம் உண்டு. 2001ஆம் ஆண்டு அடோபி நிறுவனத்தார் வகுத்த எக்ஸ்எம்பி என்னும் அவ்விவரமுறை ஒருங்குறியை ஏற்பது. அதன் வழி தமிழிலேயே எழுதலாம். முன்னோர் படத்தின் முதுகில் பென்சிலால் எழுதிய குறிப்புக்கு நிகர் அது.

பழைய எழுத்துருக்களில் உள்ள மலர்களையும் கட்டுரைகளையும் ஒருங்குறிக்கு மாற்றுக. அதற்குரிய மாற்றிகள் எளிதிற் கிடைக்கின்றன. மாற்றியபின் கண்கொண்டு படித்துப் பிழை திருத்துவது தமிழறிந்தோர் கடன். படமாகவே கிடக்கும் பக்கங்களை எழுத்தாக்க, தெசராக்ற் போன்ற எழுத்துணரிகள் உதவும். அவையும் ளகர, ழகரங்களில் இடறலாம் ஆகலின், அங்கும் ஆசிரியன் கண் வேண்டும். 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் பல்லாயிரக்கணக்கிற் காத்து வருகின்றது. அதற்கு நாம் அளிக்கும் ஆக்கங்கள் தேடத்தக்க எழுத்தோடு செல்லுமாயின் அப்பணி இருமடங்கு பயன்தரும்.

எம் ஆசிரியரின் மலரை மாணாக்கர் நால்வர் ஒரு விடுமுறைக் காலத்தில் வரிவரியாக ஒருங்குறிக்கு மாற்றினர். முகப்பை லினக்ஸ் கணினி ஒன்றிற் கிம்ப் கொண்டு மீண்டும் அமைத்தனர். ஊர்ப் பெயரில் ககரத்தைக் கொம்பும் அரவும் இருபுறமும் அணைத்து நின்றன. கோப்பைப் பேரனுக்கு அனுப்பினோம். மறுநாள் அவரிடமிருந்து ஒரு மடல் வந்தது. பாட்டனாரின் பெயரைத் தாமே படியெடுத்து மடலின் தலைப்பில் இட்டிருந்தார். அப்பெயர் அவர் திரையிலும் என் திரையிலும் ஓரெழுத்தும் பிழையாமல் நின்றது.